ஹொக்கைடோவுக்கு ஏற்ற மாதம்

எங்கள் சாங்ஹுவா தெருவில் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் லியாவ் அண்ணன் அளவுக்கு ஜப்பானின் வானிலையை அறிந்தவர் ஜப்பானிலேயே இருக்க மாட்டார். அந்நாட்டின் வடக்குத் தீவான ஹொக்கைடோவை சைக்கிளில் சுற்றி வர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக வாங்கிய பச்சை சைக்கிள் கடைச் சுவரில் தொங்கியது. தினமும் துடைப்பார், ஓட்ட மாட்டார். டயர் தேய்ந்துவிடுமாம்.

முட்டை ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அவரைச் சீண்டுவேன்.

"என்ன அண்ணே, ஏப்ரல்லயாவது கிளம்புவீங்களா?"

"அங்க இன்னும் பனி கிடக்கும்டா. இங்க கல்லறை சுத்தம் பண்ற நாள் வேற வருது. அப்பா கல்லறையில புல்லு யாரு பிடுங்குறது?"

"ஜூலை?"

"புயல் வரும். விமானத்த நிறுத்திடுவான்."

"ஆகஸ்ட்?"

குரலைத் தாழ்த்தினார். "பேய் மாசம்டா. ஆவியெல்லாம் வெளிய சுத்துற நேரத்துல எவனாவது ஊரு விட்டு ஊரு போவானா?"

இலையுதிர் காலத்தில் கரடி வரும். குளிர்காலத்தில் சாலை உறைந்துவிடும். அதற்குள் அவர் தலை நரைத்தது, முழங்கால் வலித்தது. மனிதருக்குப் பயம், அவ்வளவுதான்.

அவர் மனைவி ஷூ-லான் அண்ணியோ விடிந்தால் துருப்பிடித்த சைக்கிளில் சோயா பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஊற்றிவிட்டு வருவார். புயலானாலும் வெயிலானாலும் அப்படித்தான்.

போன வருடம், எந்த மாதம் போகலாம் என்று மண்சாமி கோயிலில் கேட்டுவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார். பிறை வடிவ மரத்துண்டு இரண்டைத் தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சம்மதம். பெரிய காரியத்துக்கு அது அடுத்தடுத்து மூன்று முறை விழ வேண்டும்.

"சாமி சொன்னா சொன்னதுதான். அப்புறம் பேச்சே கிடையாது" என்றார். வேடிக்கை பார்க்க அண்ணியும் நானும் போனோம்.

ஒவ்வொரு மாதத்தின் பெயராகச் சொல்லிக் கேட்டார். இரண்டு துண்டும் நிமிர்ந்தே விழுந்துகொண்டிருந்தன. சாமி சிரிக்கிறது, சம்மதம் இல்லை என்று அதற்கு அர்த்தம். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

"பேய் மாசத்த மட்டும் ஏன் தாண்டிட்டீங்க?" என்றார் அண்ணி.

"அதக் கேட்டா சாமி கோவிச்சுக்கும்."

அண்ணி துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டார். "சாமி, சந்தைக்கு எதிர்ல கடை வெச்சிருக்கிற ஷூ-லான் கேக்குறேன். இந்த ஆளு சைக்கிள எடுத்துக்கிட்டு பேய் மாசத்துல நான் போகட்டுமா? டிக்கெட்டும் மலிவு."

சம்மதம். மறுபடி சம்மதம். மூன்றாவது முறை துண்டுகள் உருளும்போது அண்ணன் குனிந்து உற்றுப் பார்த்தார். அதுவும் சம்மதம்.

"ஏய், உண்மையாவே போகப் போறியா?"

"சாமி சொன்னா சொன்னதுதான்னு யாருங்க சொன்னது?"

ஆகஸ்டில் பச்சை சைக்கிள் விமானம் ஏறியது. அண்ணன் கடையில் ரொட்டியைக் கருக்கினார். ஒரு காலையில் அண்ணி போனில் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்க வானிலை எப்படி?"

"கொட்டுதுங்க. தொப்பலா நனைஞ்சுட்டேன்."

"பாத்தியா! இது சீசன் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

"ஆமாங்க." அண்ணி மூச்சு வாங்கிச் சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு."

போன் அடங்கிய பிறகு அண்ணன் சுவரில் இருந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

வெளியே எங்கள் தெருவிலும் மழைதான். துருப்பிடித்த சைக்கிளில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு அண்ணன் கிளம்பினார்.