சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுங்க

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. காரில் சத்தம் வருகிறது என்று யார் வந்தாலும், அந்தச் சத்தத்தை முதலில் தன் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அண்ணி போட்ட சட்டம். டை கட்டிய பெரிய மனிதர்கள்கூட அண்ணி முன்னால் நின்று "கீச் கீச்" என்று கத்தியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் கல்லாவில் சிரிப்பை அடக்கமாட்டாமல், கீழே விழாத பேனாவை மேஜைக்கடியில் தேடுவேன்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் அண்ணி. கல்யாணமாகி வந்த கையோடு அண்ணனை டயர் கழற்றும் பக்கம் தள்ளிவிட்டு, கோளாறு கண்டுபிடிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அண்ணனுக்கும் விட்டது தொல்லை.

அண்ணிக்கு ஒரே ஒரு ஆதங்கம். இத்தனை வருஷத்தில் ஒருவராவது "நான் இடிச்சேன்" என்று சொன்னதில்லை. "தானா வருதுங்க" என்பார்கள். என்னவோ பிளாட்பாரம் எழுந்து வந்து இவர்கள் காரை இடித்த மாதிரி!

அன்றைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவள் நர்ஸ் உடுப்பில் இருந்தாள். கார் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

"இவ லைசென்ஸ் வாங்குன சூட்டோட பிளாட்பாரத்துல ஏத்திட்டா. இனிமே வண்டியைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றார் அவர்.

"ஆமாக்கா. நான்தான் இடிச்சேன்," என்றாள் அவள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு வார்த்தையிலேயே அண்ணி அவள் கட்சிக்கு மாறிவிட்டது எனக்குத் தெரிந்துபோயிற்று.

"விடியக்காலை டூட்டி போடுற வாரம் பஸ் கிடையாதுக்கா. அதுக்குத்தான் ஓட்டவே கத்துக்கிட்டேன். சாவி இல்லன்னா வேலையை விட வேண்டியதுதான்." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த மனுஷன் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க," என்றார் அண்ணி.

"கர்ர்ர்... கர்ர்ர்..." என்றாள் அவள்.

"அது இல்லைங்க. தொம், தொம், தொம்!" என்றார் அவர், கன்னத்தை உப்பிக்கொண்டு. நான் பேனா தேடப் போனேன்.

"ஓட்டும்போது ஸ்டியரிங் நடுங்குதா, சீட்டு நடுங்குதா?"

"சீட்டுதான். இடுப்பே கழண்டுடும் போல இருக்கு," என்றார் அவர். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட்டு நடுங்கினால் பின் சக்கரம் என்பது அண்ணியின் கணக்கு.

அண்ணி ஒன்றும் தெரியாதவர் போல, "வீட்ல ரிவர்ஸ் யாரு எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"நான்தான்! இவளுக்கு அது வராது. வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிப்பா. நான் வந்து உள்ள விடுவேன்."

காரைத் தூக்கினோம். முன் சக்கரத்தில் புதுக் கீறல். உள்ளே மெல்லிய தகடு ஒன்று வளைந்து பிரேக் டிஸ்கில் உரசியது. அண்ணி ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்பு நெம்பினார். கர்ர் போயே போய்விட்டது.

"இது உங்களோடது. முடிஞ்சுபோச்சு," என்றார் அவளிடம்.

பிறகு பின் சக்கரத்தைச் சுற்றினார். டயரின் உள்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. பக்கத்தில் ரிம்மும் நசுங்கியிருந்தது.

"தொம் தொம் இதுதான். ரிவர்ஸ்ல கல்லு மேல ஏறினது. எப்ப வேணா வெடிக்கும். இதை வச்சுக்கிட்டா தினமும் போய்ட்டு வந்தீங்க?"

அவள் கணவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "அன்னைக்கு டமால்னு கேட்டதுக்கு, பக்கத்து வீட்டுக் கதவுன்னு சொன்னீங்களே?"

அவர் எங்கள் கூரையை ஆராய ஆரம்பித்தார்.

அண்ணன் ஸ்டெப்னியை மாட்டினார். அண்ணி கையை நீட்ட, சாவி மறுபேச்சில்லாமல் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. அண்ணி அதை அவளிடம் கொடுத்தார். "நீங்களே பின்னால எடுங்க."

எங்கள் கேட் குறுகல். இரண்டு பக்கமும் கல். கணவர் "ஒடி, ஒடி!" என்று ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க தொம் தொம் மட்டும் போடுங்க, போதும்," என்றார் அண்ணி.

அவள் கொஞ்சம் வந்தாள், நின்றாள், மறுபடி முன்னால் போனாள், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப வந்தாள். கல்லில் படாமல் கார் தெருவுக்கு வந்துவிட்டது. கணவர் கார் கதவைத் திறந்து ஏற ஓடினார். அவள் கண்ணாடியை இறக்கி, "மத்தியான டூட்டிக்கு நேரமாச்சுங்க. நீங்க பஸ்ல வீட்டுக்குப் போயிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

அவர் கேட் அருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சத்தம் எதுவும் வருதா?" என்றார் அண்ணி.

"இல்லைங்க."

கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "நான்தான் இடிச்சேன்," என்றார்.