மர்கிலானில் மையித்து குளிப்பாட்டிய ஹோசியத்

எங்கள் மஹல்லாக் குடியிருப்பில் இறந்த பெண்களின் மையித்துகளை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டியவள் ஹோசியத். எங்கள் ஊர் மர்கிலானில் அந்த வேலைக்கு மரியாதை உண்டு. கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் கிடையாது. கல்யாண வீடுகளில் அவளுக்கான பலாவ் சோற்றை மூடி வாசலுக்கே கொடுத்தனுப்பிவிடுவார்கள். அவளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிடுவாள். புருஷன் இளம் வயதிலேயே போய்விட்டான், பிள்ளைகள் இல்லை.

அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. குளிப்பாட்டிய உடம்பில் கண்டதையும் சொன்னதில்லை. பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்று எங்கள் எல்லோருக்கும்தான் சோலிஹா சொல்லிக்கொடுத்தார். மஹல்லாப் பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர் அவர். பாடம் முடிந்ததும் நாங்கள் யாருடைய குறையையாவது பேசியபடி வீடு வந்து சேர்வோம். ஹோசியத் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அந்த சோலிஹா ஒரு கோடையில் இறந்துபோனார். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறினாலே எங்களைத் திட்டியவர். ஹோசியத் குளிப்பாட்ட, மருமகள் நிகோரா தண்ணீர் ஊற்றினாள். இடது புஜத்தில் ருஷ்ய எழுத்தில் ஒரு பெயர் பச்சை குத்தியிருந்தது. ருஸ்தம். சோலிஹாவின் கணவர் பெயர் ஒலிம்.

ஹோசியத் அதன்மேல் துணியை இழுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் நிகோரா பார்த்துவிட்டாள். மறுநாள் ரொட்டி அடுப்படியில் ஒருத்தியிடம், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னாள். ரொட்டி வெந்து முடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பாதிப் பேர் நம்பவில்லை. மாமியார் மேல் உள்ள ஆத்திரத்தில் கதை கட்டுகிறாள் என்றார்கள்.

நிகோரா நேரே ஹோசியத் வீட்டுக்கு வந்தாள். நான் அங்கே ஆப்ரிகாட் காயவைக்க ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன்.

"பெரியம்மா, நீங்களும்தானே பார்த்தீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னைப் பொய்க்காரிங்கறாங்க."

ஆமென்றால் இறந்தவரின் மானம் போகும். இல்லையென்றால் பொய். ஹோசியத் கொட்டையெடுத்த பழம் ஒன்றை வெயிலில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"போன வருஷம் உன் அம்மாவைக் குளிப்பாட்டினது யாரு?"

"நீங்கதான்."

"அவங்களைப் பத்தி உன் காதுக்கு ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே." நிகோரா டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏன் பெரியம்மா, எங்கம்மாவுக்கு என்ன இருந்துச்சு?"

"டீ ஆறுது, குடி."

நிகோரா குடிக்காமலே போனாள். அதற்குப் பிறகு அதையே கேட்க வந்த பெண்களிடம் ஹோசியத் இன்னும் சுருக்கமாகப் பேசினாள். உனக்கும் ஒருநாள் நான்தானே வர வேண்டும், அன்றைக்கு உன்னைப் பற்றி யாரிடம் சொல்லட்டும் என்று விசாரித்தாள். வந்தவர்கள் அவரவர் உடம்பை மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். பேச்சு வற்றிவிட்டது.

ஒருநாள் ஒலிம் அண்ணனே வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பழத்தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"ஹோசியத்து, நீ ஏதாவது பார்த்தியாம்மா?"

"வேலையைப் பார்த்தேண்ணே."

"நல்லது. கல்யாணமான நாள்லேருந்து நானும் எதையும் பார்த்ததில்ல." இரண்டு மிடறு டீ குடித்தார். "பேரைக்கூட எழுத்துப் பிழையோடதானே குத்தி வச்சிருந்தான், பாவி."

ஹோசியத் அவர் கிண்ணத்தில் மறுபடி டீ ஊற்றினாள். அவர் முகம் துடைத்துக்கொண்டார். நான் பழங்களைத் திருப்பிப் போட்டேன்.

நாற்பதாம் நாள் விருந்துக்கு அவளை அவரே போய் அழைத்துவந்து பெண்கள் அறையில் உட்கார வைக்கச் சொன்னார். வீட்டுக்காரர் சொல்லை யார் தட்டுவது? நடுவில் இடம் விட்டோம். அவள் உட்கார்ந்து எங்களோடு ஒரே தட்டில் பலாவ் சாப்பிட்டாள். அன்றைக்கு அந்த விரிப்பில் யாரைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. தக்காளி விலையைப் பேசினோம். அதுவும் தீர்ந்ததும் சீக்கிரமே எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனோம்.