என் ஓரகத்தியின் தண்ணீர்

என் ஓரகத்தி வீட்டு வாசலில் ஒரு நீல டிரம் இருந்தது. இடுப்பு உயரம். மூடி கிடையாது, பழைய சேலைத் துணியை மேலே போட்டுக் கயிற்றால் கட்டியிருப்பாள், அது பாதி நேரம் தண்ணீருக்குள்தான் தொங்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் அப்போது ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் அவள் குடும்பம் ஓடியது. அவளுடைய இரண்டு கறவை மாடுகளும் அந்த டிரம்மை நம்பித்தான் இருந்தன. அதைக் கவிழ்த்தவள் நான்.

அவள் என் கணவரின் அண்ணி. அவளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது, இதை எழுதுவதால் மனசு மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணமாகிப் போன முதல் மாதமே, தெருவே கேட்கும்படி, "ப்ளஸ் டூ படிச்சிருக்கா, சாணி அள்ளத் தெரியல பாரு" என்று சிரித்தவள். குழம்பில் உப்பு ஜாஸ்தியானாலும், பிள்ளை அழுதாலும், எல்லாவற்றுக்கும் அந்த ப்ளஸ் டூ வந்து நிற்கும். பதினோரு வருஷம் கேட்டேன்.

சிக்குன்குனியா வந்த வருஷம், வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்க மகளிர் குழுவிலிருந்து என்னை எடுத்தார்கள். வேங்கிக்காலில் ஒரு நாள் பயிற்சி. சுகாதார ஆய்வாளர் தெளிவாகத்தான் சொன்னார்: "சின்னப் பாத்திரம்னா கொட்டிட்டு நல்லா தேய்க்கச் சொல்லுங்க. பெரிய டிரம்முல அளந்து மருந்து ஊத்துனா போதும். தண்ணி கம்மியா இருக்கிற ஊர்ல தண்ணியக் கொட்டாதீங்கம்மா. அப்புறம் ஒருத்தரும் கதவு தொறக்க மாட்டாங்க." நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் எல்லா டிரம்மிலும் மருந்துதான் ஊற்றினேன். கடைசியாக அவள் வீடு. டார்ச் அடித்தபோது புழு நெளிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பாருக்கா, புழு. கொட்டணும்" என்றேன்.

"எல்லாருக்கும் மருந்து ஊத்துனியே. எனக்கு மட்டும் இன்னாடி? தண்ணி எப்ப வுடுவானோ தெரியல, மாட்டுக்கு எதக் குடுப்பேன்?"

"மருந்து தீந்துபோச்சு."

பையில் பாதி பாட்டிலுக்கு மேல் இருந்தது. விளிம்பைப் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் மண் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. அவள் சாணிக் கையோடு வந்து காலி டிரம்மை நிமிர்த்தி வைத்தாள்.

மோட்டார் எரிந்துபோய், அதற்கப்புறம் எட்டு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் வயல் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். தெருவே அதைப் பார்த்தது. அடுத்த வாரம் நான் போனபோது, எல்லா வீட்டிலும் "ஒண்ணும் இல்ல, போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். குடங்களைக் கட்டிலுக்கு அடியிலும் மல்லாட்டை மூட்டைக்குப் பின்னாலும் ஒளித்து வைத்தார்கள். அங்கே கொசு நிம்மதியாக முட்டையிட்டது. மாதம் முடிவதற்குள் தெருவே சுருண்டு படுத்தது, நானும்தான். எனக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. அவளுக்கு விரல்கள் வீங்கி, மடக்க வராமல் போயின. பால் கறக்க முடியவில்லை. பொங்கலுக்கு முன்பே இரண்டு மாடுகளையும் விற்றாள். ஓட்டிக்கொண்டு போனவனின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போனாள்.

"ஊரெல்லாம் வந்த ஜுரம், உன்னாலயா வந்துச்சு?" என்று கணவர் சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் போதும். அவள் திட்டவில்லை. அந்த ஆத்திரமும் அவள்மேல் எனக்கு உண்டு.

மூன்று வருஷம் கழித்து மறுபடியும் காய்ச்சல் பேச்சு கிளம்பியது. அதற்குள் குழாயில் தினமும் தண்ணீர் வந்தது. எனக்குக் கீழே வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் வேலை செய்தார்கள். அவள் வீட்டுக்குப் போனோம். கதவை அவளே திறந்தாள்.

"வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க. எல்லாம் தேய்ச்சுதான் வெச்சிருக்கேன்" என்று அந்தப் பெண்களிடம் சொன்னாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அவ அங்கியே நிக்கட்டும்" என்றாள்.

அவர்கள் உள்ளே போனார்கள். நான் தெருவில் வெயிலில் நின்றேன். திரும்பி வந்த ஒருத்தி, "அவங்க உங்களுக்குச் சொந்தமா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.