இருபத்து நான்கு நிமிடம் நிற்க வேண்டும்

செலஸ்டின் காலையில் எழுவது ஒரே மூச்சில் முடிகிற காரியம் அல்ல. கண் விழித்ததும் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, தலைமாட்டில் மூடி வைத்திருக்கும் பெரிய குவளைத் தண்ணீரைக் குடித்து முடிப்பாள். பிறகு படுத்தபடியே பாதங்களை இருபது முறை மேலும் கீழும் ஆட்டுவாள். தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கும் காலுறையை மாட்டிக்கொள்வாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் பேசாமல் இருப்பாள். அதற்குப் பிறகுதான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

நின்றதும் அறை கொஞ்சம் தள்ளிப் போகும். சுவரில் மாட்டியிருக்கும் திருக்குடும்பப் படம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும். ஜன்னலுக்கு வெளியே கோழி கூவுவது அடுத்த தாமான் குடியிருப்பில் இருந்து வருவது போலக் கேட்கும். மார்புக்குள் யாரோ அவசரமாக மாடிப்படி ஏறுவார்கள். அவள் பத்து வரை எண்ணுவாள். படம் மேலே மிதந்து வந்து தன் இடத்தில் ஒட்டிக்கொண்டால் நடக்கலாம். ஒட்டவில்லை என்றால் மறுபடியும் உட்கார வேண்டும். அழுது புரள்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. மயங்குகிறவர் விழுவதற்கு முன் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது கெடா மாநிலத்தில், மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். வாழ்க்கைப்பட்டது கோலா கெத்திலில். பள்ளிச் சீருடையும் சேலை ரவிக்கையும் தைக்கிறாள். கணவன் ஜெரார்ட் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தையல் உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால் பிழைப்புக்குப் பங்கமில்லை. பங்கம் வந்தது வேறொன்றுக்கு.

ஊரின் சிற்றாலயத்தில் பெரிய வெள்ளி அன்று ஆண்டவரின் பாடுகளை மூன்று பேர் பங்கிட்டு வாசிப்பார்கள். இயேசு பேசுவதைப் பாதிரியார் வாசிப்பார். மற்றவர்கள் பேசுவது ஒருவருக்கு. கதையைச் சொல்லிக்கொண்டு போகும் நீளமான பங்கு இன்னொருவருக்கு. அந்த நீளமான பங்கை இருபத்தொரு வருடமாகச் செலஸ்டின்தான் வாசித்து வருகிறாள். அவள் குரலில் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, கண்ணீர் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்வாள். அதனாலேயே நிற்க முடியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள்கூடத் தூங்க மாட்டார்கள். வருடம் முழுக்கப் பிறர் உடம்பை அளந்து தைக்கிறவளுக்கு, ஊரே எழுந்து நின்று கேட்கும் அந்த இருபத்து நான்கு நிமிடம் சொந்தமாக இருந்தது.

போன வருடம் டெங்கிக் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போயிற்று, படபடப்பு தங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் திருப்பலியில் வாசகம் படித்துக்கொண்டிருந்தவள் மைக்கையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். அந்தச் சத்தம் நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் அந்நேரம் ரப்பர் இலை உதிரும் காலத்து மர நிரை ஒன்றில், கணுக்கால் வரை சருகில், சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். கண் திறந்தபோது மேலே விசிறி, சுற்றிலும் முகங்கள்.

கோயில் வாசலில் அவள் நோய்க்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். ஜெரார்டுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. தலைசுற்றல் என்றாலே அதுதான் என்று தீர்மானித்து, வீட்டில் உப்பையே நிறுத்திவிட்டான். இரண்டு மாதம் இருவரும் சப்பென்ற குழம்பைத் தின்றார்கள். அவளுக்கு மயக்கம் கூடிற்று.

மருத்துவமனையில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்து நாடியைப் பார்த்தார். எழுபத்து நான்கு. நிற்க வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. நிற்கும்போது ரத்தம் காலில் தேங்குகிறது, அதை மேலே அனுப்ப இதயம் ஓடுகிறது, இது வேறு நோய் என்று விளக்கினார். பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று மலாயில் கேட்டார்.

"உப்பே இல்லாம சாப்பிடுறேன்."

"யார் சொன்னது?"

செலஸ்டின் ஜெரார்டைப் பார்த்தாள். ஜெரார்ட் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு அறிவிப்பைக் கவனமாகப் படித்தான்.

அன்றிலிருந்து அடுப்பில் ஒரே குழம்புக்கு இரண்டு சட்டி. அவள் சிறுநீரகமும் அழுத்தமும் சரியாக இருந்ததால் அவளுக்கு உப்புக் கூட்டச் சொன்னார்கள், அவனுக்குக் குறைக்கச் சொன்னார்கள். அவள் தட்டில் இருக்கும் கருவாட்டை அவன் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதற்காக யாரும் கொடுக்கவில்லை.

தவக்காலம் தொடங்கியதும் சிற்றாலயத் தலைவர் சத்தியசீலன் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி. எதையும் சுற்றி வளைத்துச் சொல்வார்.

"ஷீலா நல்லா வாசிக்கிறா இல்ல?"

"வேகமா வாசிக்கிறா."

"சின்னப் புள்ள, பழகிக்கும்லா. இந்த வருசம் பெரிய பங்க அவளுக்குக் குடுத்தா..."

"அவளுக்குக் குடுத்தா அப்புறம் அவளுக்குத்தான், அங்கிள். எனக்குத் தெரியாதா?"

அவர் தேநீரை ஊதினார். "பெரிய வெள்ளியில நீ விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"குருத்து ஞாயிறுக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் பேரை எழுதாதீங்க."

மறுநாள் மாலையே அடுப்படியில் ஒத்திகை தொடங்கியது. பாத்திர அலமாரி மேல் புத்தகம். ஜெரார்ட் பாதிரியார், பிலாத்து, காவலர்கள், கூட்டம் எல்லாமும். ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் கைப்பேசி. கூட்டம் கத்த வேண்டிய இடத்தில் அவன் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு தேவகி வேலிப் பக்கம் வந்துவிட்டாள்.

"என்னண்ணே, சண்டையா?"

"இல்லம்மா. பூசை."

முதல் நாள் ஒன்பது நிமிடம். எழுத்துகள் எறும்பு போல ஊர ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிட்டாள். மெல்ல மெல்ல உபாயங்கள் சேர்ந்தன. கால்களைக் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்குவது. பக்கம் புரட்டும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கி இறக்குவது. வாசக மேடைக்குப் பின்னால் இடுப்புக்குக் கீழே நடப்பது யாருக்கும் தெரியாது. தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்னால் இரண்டு குவளைத் தண்ணீர். பதின்மூன்று நிமிடம் ஆயிற்று. பதினேழு ஆயிற்று. சில நாள் பாதி வழியில் குரல் தனியே பிரிந்து, அறைக்கு வெளியே எங்கோ மாமரத்தடியில் நின்று வாசிப்பது போலத் தோன்றும். அவள் அதைத் தடுப்பதில்லை. குரல் போகட்டும், கால் நிற்க வேண்டும்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் இருபதாவது நிமிடத்தைத் தொட்டாள். ஆண்டவர் உயிர் விடும் இடம் அது. அங்கே எல்லாரும் முழங்காலிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருப்பார்கள். அதன் பிறகு எழுந்து, அடக்கம் செய்வது வரைக்கும் இன்னும் நான்கு நிமிட வாசிப்பு.

"முட்டி போடுற நேரம் உனக்கு ஓய்வு" என்றான் ஜெரார்ட். "அதுக்கப்புறம் நாலு நிமிசம் என்ன பெரிய விசயம்?"

அவள் அந்த இடத்தில் முழங்காலிடப் போனாள். அவன் தடுத்துவிட்டான். நெத்திலிச் சம்பல் வாசத்துக்கு நடுவில், ஒத்திகைக்காக, ஆண்டவரின் சாவுக்கு முழங்காலிடுவது தப்பு என்றான். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதைத் தாண்டி, களைப்பு ஆறிய பிறகு, கடைசி நான்கு நிமிடத்தை மட்டும் தனியே நின்று வாசித்துப் பார்த்தாள். சுலபமாக இருந்தது. சத்தியசீலனுக்குச் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

கெடாவில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அதனால் பெரிய வெள்ளிக்கு யாரும் லீவு கேட்டு நிற்க வேண்டாம், கோயில் நிறைந்துவிடும். அன்றைக்கு ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. நோயாளிக்கு அந்தக் கடமை இல்லை என்று ஃபாதர் அவளிடம் சொல்லியிருந்தார். மதியம் உப்புப் போட்ட கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். தின்னாமல் போய் விழுவதில் புண்ணியம் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

மூன்று மணி. மழை பெய்து ஐந்து வாரம். தகரக் கூரைக்குக் கீழே காற்று கனத்துக் கிடந்தது. விசிறிகள் அதைக் கிளறின, குறைக்கவில்லை. செலஸ்டின் வாசக மேடைக்குப் போனாள். இடப்பக்கம் ஷீலா, மற்றவர்களின் குரலுக்கு. கூட்டம் எழுந்து நின்றது.

அவள் தொடங்கினாள். தோட்டம், தீப்பந்தம், இரவு. ஐந்து நிமிடம். நாடி ஓடியது, ஓடட்டும். பத்து நிமிடம். கால்களைக் குறுக்கே வைத்து இறுக்கினாள். பதினைந்தில் வெள்ளைச் சட்டைகளும் சேலைகளும் ஒன்றோடொன்று கரைந்து வயல் போல அசைந்தன. அந்த வயலின் மேல் அவள் குரல் தாழப் பறந்து போனது. அவசரமே இல்லை. சிலுவை எழுந்தது. தாய் நின்றாள். புளித்த திராட்சை ரசம். அவர் தலை சாய்ந்தது.

அவள் நிறுத்தினாள். முந்நூறு பேரும் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார்கள். அவளும் மேடைக்குப் பக்கத்தில் இறங்கினாள்.

இறங்கியதும் எல்லாம் இனிப்பாகிவிட்டது. இதயம் தணிந்தது. உடம்பு லேசாகி, தரை ஒரு வாய்க்கால் போல அவளைத் தாங்கிக்கொண்டு போயிற்று. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. பின்வரிசையில் ஒருவர் இருமினார். மௌனம் முடிந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டு ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள்.

அவள் ஒரு காலை ஊன்றி அரையடி உயர்ந்தாள். கண்ணின் இரு ஓரத்திலிருந்தும் இருட்டு உள்ளே வந்தது. காதுக்குள் மழை. அப்போதுதான் புரிந்தது. இருபது நிமிடம் நின்று களைத்த உடம்பை, முழங்காலிட்ட இடத்திலிருந்து தூக்குவது, காலையில் கட்டிலிலிருந்து எழுவதைவிட மோசம். அதை மட்டும் அவர்கள் பழகவில்லை. எழும்பினால் விழுவது நிச்சயம். மறுபடியும் முழங்காலுக்கே இறங்கினாள்.

"அக்கா, எழும்புங்க" என்று ஷீலா கிசுகிசுத்தாள்.

"முடியலே."

"நான் வாசிக்கவா?"

கேட்டதில் கள்ளம் இல்லை. புத்தகம் மேலே ஷீலாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான்கு நிமிடம்தான். அந்த நான்கு நிமிடத்தோடு மற்ற இருபதும் அடுத்த வருடம் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

"மைக்கைக் கழட்டிக் கீழ குடு."

ஷீலா மைக்கைக் கழற்றிக்கொண்டு பக்கத்திலேயே முழங்காலிட்டு, அதை அவள் வாயருகே பிடித்தாள். செலஸ்டினுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. இருபத்தொரு வருடம். படைவீரன் ஒருவன் ஈட்டியோடு வந்ததை, வந்தபடி சொன்னாள்.

எழுந்து நின்றவர்கள் வாசகியைக் காணாமல் குழம்பினார்கள். மேடைக்குப் பின்னால் குரல் கேட்கிறது, ஆள் இல்லை. எட்டிப் பார்த்த முன்வரிசை, அவள் முழங்காலில் இருப்பதைக் கண்டு தானும் மறுபடி இறங்கியது. இரண்டாம் வரிசை முதல் வரிசையைப் பார்த்தது. அலை பின்னோக்கிப் போவது போல ஒவ்வொரு வரிசையாக முழங்காலுக்குத் திரும்பியது. பாதியில் நின்ற சத்தியசீலன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முட்டி முறிகிற சத்தத்தோடு இறங்கினார். ஃபாதர் மேல் அங்கியைச் சரிசெய்துகொண்டு தானும் முழங்காலிட்டார். உடலைக் கல்லறையில் வைக்கும் வரை ஒருவரும் எழும்பவில்லை. விசிறிச் சத்தமும் அவள் குரலும் மட்டும் இருந்தன.

வழிபாடு முடிந்தபோது அவள் காரின் முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்து, காலுறைக் கால்கள் இரண்டையும் கண்ணாடிக்கு முன்னால் தூக்கி வைத்திருந்தாள். கால் மேலே இருந்தால் ரத்தம் தலைக்கு வரும். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை செய்யும். ஜெரார்ட் அவள் வாயில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு நின்றான். வாயல் சேலை கட்டிய இரண்டு பெண்கள் ஜன்னலில் குனிந்தார்கள்.

"என்னா பக்தி செலஸ்டின்! முட்டி போட்டே வாசிச்சியே, எங்களுக்கு அழுகையே வந்திருச்சு."

அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். நல்ல பெயர்தான்.

"பக்தி இல்லே ஆண்ட்டி. எழும்ப முடியலே. எழும்பியிருந்தா விழுந்திருப்பேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "பரவாயில்லலா" என்றாள், யாருக்கோ மன்னிப்பு வழங்குவது போல.

அவர்களுக்குப் பின்னால் சத்தியசீலன் நொண்டிக்கொண்டு வந்தார். அவரும் கேட்டிருந்தார்.

"அதை முன்னாடியே சொல்ல மாட்டியா? என் முட்டி போச்சு."

"எனக்கே அப்பதான் அங்கிள் தெரியும்."

"அடுத்த வருசமும் இப்படித்தானா?"

அவள் யோசித்தாள். நாடி இன்னும் வேகமாகத்தான் இருந்தது. அடுத்த வருடமும் அப்படித்தான் இருக்கும். போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.

"கடைசி நாலு நிமிசம் இப்படித்தான்."

சத்தியசீலன் முழங்காலைத் தேய்த்தார். தெரு முனையைப் பார்த்தார். கூட்டத்தில் ஷீலா யாரிடமோ மைக் பிடித்த கதையைக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி. அப்போ அறிவிப்புல போட்டுருவேன். ஆளுக்கொரு பாய் கொண்டு வரச் சொல்லி."

அவர் நொண்டியபடியே போனார். ஜெரார்ட் சிரித்தான். செலஸ்டின் சிரிக்கவில்லை, அவளுக்கு வேறு வேலை இருந்தது. கால்களை இறக்கி, இருக்கையை நிமிர்த்தி, இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.