ஆற்றங்கரை எல்லையில் ஒரு தாய்மாமன்

"…அதுக்காக மேளக்காரனையும் மாலையையும் தூக்கிக்கிட்டு நான் ஆத்துக்குள்ளயா வந்து நிக்க முடியும், மச்சான்? ஊருன்னா ஒரு வாசல் இருக்கு, வாசலுக்கு ஒரு முறை இருக்கு, இல்லையா?"

கேட்டவர் என் நண்பனின் தங்கை புருஷன். தோளில் பட்டுத் துண்டு, நெற்றியில் வியர்வையோடு வழிந்த திருநீறு. ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். என் நண்பன் மருத மரத்தடியில், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தான். எங்கள் இரண்டு சைக்கிள்களும் அதே மரத்தில் சாய்ந்திருந்தன. சக்கரங்களில் ஆற்று மணல் இன்னும் உதிரவில்லை. ஊரின் மறுகோடியில், பஸ் நிற்கும் இடத்தில், ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் சீர்த்தட்டுகளோடு இவனைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் புதன்கிழமைகளைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் இருவரும் திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தோம். மில்லில் எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை விட்டால் மிஷின் நின்றுவிடும், அதனால் ஆளுக்கொரு கிழமை. எங்களுக்கு வாய்த்தது புதன். 'பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது' என்பார்கள். எங்களுக்குப் புதன் வாராவாரம் கிடைத்தது, பொன்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு நான் ஷிப்டு பார்த்துத்தான் போக முடியும் என்பதால் என் அம்மாவுக்கு மட்டும் அந்தப் புதன் மேல் தீராத மனத்தாங்கல். "ஊருல எல்லாருக்கும் ஆண்டவரு ஞாயித்துக்கிழம லீவு விட்டாரு, உனக்கு மட்டும் முதலாளி விடுறாரு" என்பார்.

புதன்கிழமை ஊரில் யாருக்கும் லீவு இல்லை. சினிமாவுக்குத் துணை கிடையாது, சீட்டு ஆடவும் ஆள் சேராது. அப்படித்தான் சைக்கிளை எடுத்தோம். என் நண்பனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவனுக்குப் பஸ், வேன் எதுவும் ஆகாது. டீசல் வாசம் பட்டாலே முகம் வெளுத்துவிடும். செம்பட்டி வரைக்கும் தாங்கிவிட்டான் என்றால் அது அவன் குலதெய்வத்தின் புண்ணியம். "எனக்குக் காலுதான்டா லாரி" என்பான்.

இரண்டும் கறுப்புச் சைக்கிள்கள். கியர் கிடையாது. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவோம், அதில் எங்களுக்கு வெட்கமே இருந்ததில்லை. சித்தரேவில் டீக்கடை வைத்திருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்தால் சொல்வார்: "ஏத்தத்துல எறங்குறவன் எறக்கத்துல சிரிப்பான்." நான் அதை அப்படியே மனதில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் நான், படித்ததில் பாதி இப்படி டீக்கடையிலும் வரப்பிலும் காதில் விழுந்ததுதான்.

வழி தேடுவதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பஸ் போகும் சாலையை ஒதுக்குவது, பால் கேன் கட்டிய சைக்கிள் வருகிற சாலையைப் பிடிப்பது. பால்காரருக்குத் தெரியாத பாலமோ பள்ளமோ கிடையாது. மாடு போகிற தடத்தில் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார், அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. மலையடிவாரத்தில் ஆற்றை ஒட்டியே போனால் மூச்சு வாங்காது. ஆற்றை விட்டுக் குறுக்கே விலகினோமோ, ஒரு கரட்டில் ஏறி இறங்கத்தான் வேண்டும். இப்படியே கன்னிவாடிப் பக்கம், ஆத்தூர் அணைக்கு மேலே, சிறுமலை அடிவாரம் என்று சுற்றினோம்.

அதிகம் போனது மேற்கே. செம்பட்டி வரை போகாமல் முன்னாலேயே திரும்பினால் லாரிச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். ஆத்தூர் தாண்டியதும் மலை பக்கத்தில் வந்து நிற்கும். தென்னந்தோப்பு, வாழை, நடுவில் மல்லிகைத் தோட்டம், பூ எடுக்கிற பெண்களின் பேச்சு. சித்தரேவில் டீ. அதற்கப்புறம் வாய்க்கால் கரையோரம் தார் இல்லாத பாதை. அது போய்ச் சேருவது மருதாநதிக் கரையில். மலையில் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும், அணையில் மடை திறந்தாலும் வரும். மற்ற நாளில் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அக்கரை ஏறிவிடலாம்.

அக்கரையில் இருந்த ஊரில்தான் நண்பனின் தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள். சம்பந்தம் பேசியபோது அவன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்ததைவிட ஊருக்கு வழியைப் பற்றி விசாரித்தது அதிகம். "ஆத்து வழியா தடம் இருக்காம்டா" என்று மில்லில் வந்து சொன்னான், பவுன் விலை இறங்கிவிட்டதைச் சொல்வது மாதிரி.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் புதன்களில் பாதி அந்த ஊருக்குத்தான். ஆற்றைக் கடந்து, தென்னந்தோப்பு வழியாக, வீட்டின் பின்பக்கம் போய் மாட்டுக்கொட்டத்தில் சைக்கிளைச் சாத்துவோம். தங்கை மோர் கொடுப்பாள். குடித்துவிட்டு வந்த வழியே திரும்புவோம். எங்களுக்கு அது இயல்பாகப் பட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படிப் படவில்லை. "உம் பொண்டாட்டி வீட்டு ஆளு என்னப்பா, கொல்லப்பக்கமா வந்து கொல்லப்பக்கமாவே போறான்? வாசல்னு ஒண்ணு வச்சிருக்கோம்ல" என்று பங்காளிகள் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையோ வாசல் நடையைச் செருப்போடு யாராவது மிதித்தால்கூட முகம் சுளிக்கிற ஆள். அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் போகும் நேரத்தில் அவர் வீட்டில் இருப்பது குறைந்துகொண்டே வந்தது.

பையன் பிறந்து, காதுகுத்து வைத்தார்கள். அந்த ஊரிலேயே, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வராத காதுகுத்து வெஞ்சனம் இல்லாத சோறு என்பார்கள். மாமன் சும்மாவும் வந்துவிட முடியாது. சீர்த்தட்டுகளோடு ஊர் எல்லையில் வந்து நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு போய் மாலை போட்டு அழைத்து வருவார்கள். சீருக்கு முன்னால் மாமன் நடக்க வேண்டும். அவன் இல்லாமல் தட்டு ஊருக்குள் நகராது.

அழைக்க வந்த தங்கை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, இந்த ஒரு தடவையாச்சும் முறையா வந்திரு. ஊர் எல்லையில வந்து நில்லு, அவுக வந்து அழைப்பாக. நல்ல நேரம் முடியுறதுக்குள்ள நீ வரலைன்னா என் கொழுந்தன் மடியில உக்கார வச்சிருவோம்னு இப்பவே பேசிக்கிறாக. அப்படி மட்டும் நடந்துச்சு, அந்த ஊர்ல எனக்கு வாயே கிடையாது."

"நான் வராம பிள்ளைக்குக் காது குத்திருவாகளா? போ தாயி, முத ஆளா நிப்பேன்" என்றான் இவன்.

நாளும் புதன்கிழமையாகவே அமைந்தது. அம்மாவும் பெரியப்பா, சித்தப்பா வீட்டாரும் தட்டுகளோடு வேனில் செம்பட்டி வழியாகப் போவது என்று ஏற்பாடு. இவன் மட்டும் சைக்கிள் என்றான்.

"சீரு கொண்டுபோற மாமன் சைக்கிள்லயாடா போவான்?" என்றார் அவன் அம்மா.

"வேன்ல வந்தா வழியெல்லாம் வாந்தி எடுப்பேன். அந்தச் சட்டையோட பிள்ளைய மடியில வைக்கச் சொல்றியா?"

'எல்லையில் சந்திப்போம்' என்று முடிவானது. எந்த எல்லை என்று யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஊருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எல்லை ஒன்றுதான். எங்களுக்கும் ஒன்றுதான்.

வெள்ளை வேட்டி சட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றி அவன் கேரியரில் கட்டினான். விடியும்போது ஆத்தூரைத் தாண்டிவிட்டோம். அன்று காற்றும் எங்கள் முதுகுப் பக்கம்தான் இருந்தது. ஆற்றில் முழங்காலுக்கு மேலே தண்ணீர். அணையில் மடை திறந்திருந்தார்கள். சைக்கிள்களைத் தோளில் தூக்கிக் கடந்தோம். அக்கரையில் குளித்து, தலை துவட்டி, அவன் வேட்டியை மாற்றிக்கொண்டு, ஈரத்துணியைப் பையில் வைத்து மறுபடி கேரியரில் கட்டினான். அங்கே மருத மரத்தடியில் மஞ்சள் பூசிய எல்லைக்கல் ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"வேன் இன்னும் வரல போல. நாமதான் முதல்" என்றான், பெருமையாக.

செத்த நேரத்தில் ஊருக்குள் மேளம் கேட்டது. இவன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். மேளம் பக்கத்தில் வரவில்லை. நின்றுவிட்டது. உட்கார்ந்தான். மறுபடி மேளம், மறுபடி எழுந்தான். அதுவும் நின்றது.

"என்னடா, கூப்பிட வாரவுக வழியில டீ குடிக்கிறாகளா?"

"உள்ள போய்ப் பார்ப்போமா?" என்றேன்.

"நீ வேதக்காரன், உனக்கு இது தெரியாது. அழைக்காம மாமன் உள்ள போனா, அது சோத்துக்குப் போற மாதிரி. இம்புட்டு நாளும் கொல்லப்பக்கமா போனதுக்கே என் தங்கச்சி பேச்சு வாங்குறா. இன்னைக்கு இங்கருந்து அசைய மாட்டேன்."

வெயில் ஏறியது. மேளம் வருவதாக இல்லை. தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் ஊர்ப்பக்கமிருந்து தோப்புக் கொட்டத்துக்கு வந்தார். எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏன் அப்பு, நீதானே பிள்ளைக்கு மாமன்? அங்குட்டு பஸ் நிக்கிற எடத்துல மாமனக் காணோம்னு ஊரே கூடி நிக்கிது. இங்குட்டு நீ காவக்காரன் கணக்கா உக்காந்திருக்கியே!" என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது ஆரு, தொணை மாமனா?"

நண்பனின் முகம் வேனில் ஏறியவன் முகம் மாதிரி ஆனது.

"அத்தே, பிள்ளைக்குக் காது குத்திட்டாகளா?"

"இன்னும் இல்ல. பெரியவுக, நேரம் போகுது, சித்தப்பன் மடியில உக்கார வைங்கங்கிறாக. உன் தங்கச்சி பிள்ளைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, குடுக்க மாட்டேன்னு ஒரே பிடியா நிக்கிறா. பொறு, போய்ச் சொல்றேன்."

புல்லுக்கட்டோடு அவர் ஓடியதை இன்றும் நினைத்துக்கொள்வேன். கட்டு ஒரு பக்கம் சாய, புல் வழியெல்லாம் உதிர, நிற்காமல் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்விடலாம் என்றேன். அவன் மறுத்தான். தெரு நெடுகப் பார்ப்பார்கள், மாமன் இன்றைக்கும் பின்பக்கமாகத்தான் வந்தான் என்பார்கள், அதைத் தங்கை காலம் முழுக்கக் கேட்க வேண்டும் என்றான். போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் மாப்பிள்ளை தனியாக வந்து நின்று, நான் முதலில் சொன்னதைக் கேட்டார்.

இவன் எழுந்தான்.

"தப்புத்தான் மாப்ள. எல்லைன்னா எனக்கு இதுதான் தெரியும். இப்படித்தான் எப்பவும் வந்திருக்கேன். உங்கள மதிக்காம இல்ல. வேன்ல ஏறுனா எனக்கு ஆகாது, அத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வேன் ஆகாதா?"

"பஸ்ஸும் ஆகாது. உங்க கல்யாணத்தன்னைக்கும் சைக்கிள்லதான் வந்தேன்."

மாப்பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மறுகோடியில் மேளம் மறுபடி கேட்டது, அரை மனதாக, கூட்டம் கலையாமல் இருக்க அடிக்கிற அடி.

"நேரம் இருக்கா மாப்ள?"

"இருக்கு, கொஞ்சம்."

"தெரு வழியா வந்தா எல்லாரும் பார்ப்பாக. தோப்புக்குப் பின்னால வாய்க்கா கரை ஒண்ணு போகுதே, அது பஸ் நிக்கிற எடத்துக்குப் போகுமா?"

"பஸ் நிக்கிற எடத்துக்கு அங்குட்டு ரோட்டுல போய் ஏறும், வெளியூர்ல இருந்து வார மாதிரியே இருக்கும். நடந்தா நேரம் பத்தாது மச்சான்."

இவன் சைக்கிளை மரத்திலிருந்து எடுத்து நிமிர்த்தினான். மாப்பிள்ளை வாய்க்கால் கரையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து மடித்து இடுப்பில் செருகினார். கேரியரில் கட்டியிருந்த ஈரத்துணிப் பையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். வேட்டியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, என் நண்பனுக்குப் பின்னால், கேரியரில் இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.