முதுகுப் பக்கம் வரும் பந்து

அனிற்றா நன்றாக அறிந்த விளையாட்டு கரப்பந்து. கஹவத்தைக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பாடசாலை அணிக்கு ஆடியவர். 2024இல் கொழும்பு நிறுவனமொன்று அவரைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தது. கணினி விளையாட்டுகளை வெளிவருவதற்கு முன் ஆடிப் பார்த்துப் பிழை சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அறையிலிருந்தே செய்யலாம். அவர் சொன்ன முதல் இரண்டு பிழைகளும் பிழைகளல்ல என்று திரும்பிவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் நபீலா சொல்லிவிட்டார்.

மூன்றாவது பிழை அமெரிக்கர்களின் கால்பந்தில் இருந்தது. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால் எறிகிறார்கள். ஒருவர் எறிய, இன்னொருவர் முன்னே ஓடிப் பிடிப்பார். எதிரணிக் காவலர் ஒருவர் அவரோடு ஒட்டி ஓடித் தடுக்க வேண்டும். கணினியிலோ, எறிபவருக்கு முதுகைக் காட்டி ஓடும் காவலர்கூட, பந்து வரும் நொடியில் துள்ளி அதைத் தட்டிவிட்டார். இது நடக்காத காரியம் என்று அனிற்றா எழுதினார்.

நபீலா தொலைபேசியில் அழைத்தார்.

"நிஜத்திலயும் அப்படித் தட்டுவாங்கன்னு, கேம் செஞ்ச அமெரிக்கக் கம்பெனியில இருந்து பதில் வந்திருக்கு. அப்படி இல்லன்னா நிரூபிச்சுக் காட்டுங்க அனிற்றா."

"காட்டுறேன் மிஸ்."

ஞாயிறு பூசை முடிந்ததும் கரப்பந்து மைதானத்தில் ஆள் சேர்த்தார். இறப்பர்ப் பால் வெட்டும் இந்திரகுமார் எறிபவர். தோழி கோகிலா பிடிப்பவர். முச்சக்கரவண்டி ஓட்டும் ஏழுமலை காவலர். அனிற்றா கைப்பேசியில் படம் எடுத்தார்.

எறிந்த பந்தையெல்லாம் ஏழுமலை சரியாகத் திரும்பித் தட்டிவிட்டார்.

"இதுக்குத்தான் அமெரிக்காவோட சண்டையா புள்ள?" என்றார் இந்திரகுமார்.

"ஏழுமலை அண்ணனுக்கு முதுகுலயும் கண்ணாடி மாட்டியிருக்கு போல, அவரு வண்டி மாதிரி" என்றார் கோகிலா.

வேலை போனதென்றே அனிற்றா நினைத்தார். படத்தை ஓட்டிப் பார்த்தபோது ஒரு குரல் கேட்டது. பந்து இந்திரகுமாரின் கையை விட்ட ஒவ்வொரு தடவையும் "பின்னுக்கு! பின்னுக்கு!" என்று யாரோ கத்துகிறார்கள். அது அனிற்றாவின் குரலேதான். பந்து வருவதைப் பார்க்கும் ஆள் பார்க்காத ஆளுக்குக் கத்தியே ஆக வேண்டும் என்பது அந்த மைதானத்துப் பழக்கம். தான் கத்தியது அவருக்கே தெரியவில்லை.

"இன்னொருக்கா ஓடுங்கண்ணே" என்று சொல்லி, சால்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு படம் எடுத்தார்.

இம்முறை கோகிலா பிடிப்பதற்காகக் கை தூக்கியதைக் கண்ட பிறகே ஏழுமலை கை தூக்கினார். பெரும்பாலும் அது பிந்திவிட்டது. ஒரு பந்து அவர் பிடரியில் விழுந்தது.

"சொல்ல மாட்டியா புள்ள? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?" என்றார் ஏழுமலை.

"சரி சரி, இப்பதான் சரியா விளையாடுறீங்க" என்றார் அனிற்றா.

அறைக்கு வந்து கணினியில் வேறு விதமாகப் பார்த்தார். காவலருக்கு அருகே சக வீரர் ஒருவர் இருந்தால், அவர் கத்தியிருக்கலாம். அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் யாருமற்ற ஓரத்தில் தனியாக ஓடிய காவலரும், பிடிப்பவர் கை தூக்கும் முன்பே துள்ளினார். அந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்து அறிக்கையைத் திருத்தினார். தன் குரல் உள்ள படத்தை அனுப்ப வெட்கமாக இருந்தது. அது இல்லாமல் மற்றப் படம் பாதிச் சாட்சிதான் என்பதால் இரண்டையும் அனுப்பினார்.

வியாழக்கிழமை நபீலா அழைத்தார்.

"பிழைன்னு ஒத்துக்கிட்டாங்க. வேலை நிரந்தரம். ஒண்ணு கேட்கட்டா, அந்தக் கத்துற ஆள் யாரு?"

"நான்தான் மிஸ்."

"காது அடைச்சுப்போச்சு. அடுத்தது ஐஸ் மேல ஆடுற ஹொக்கி, அனுப்பி வைக்கிறேன்."

விஷயத்தை அனிற்றா மற்றவர்களிடம் சொன்னபோது, அந்த ஐஸ் ஆட்டத்துக்குத் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று ஏழுமலை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.