பிரசவ வார்டை விட்டுப் போனவள்

நான் டாக்டர் ஆவதற்கு முன்பே எங்கள் தெரு என்னைப் பிரசவ டாக்டர் ஆக்கிவிட்டது. தொண்ணூறுகளின் மைசூரில் ஒரு பெண் மருத்துவம் படித்தால் அதற்குமேல் கேள்வியே கிடையாது. பக்கத்து வீட்டம்மா தன் மருமகளின் வயிற்றைப் பார்த்து, "இது போகட்டும், அடுத்தது உன் கையாலதான்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, வீட்டின் முன்பக்கம் தெருவைப் பார்த்துத் தனிக் கதவோடு ஓர் அறை கட்டினார். உள்ளே கை கழுவ ஒரு வாஷ்பேசின் வைத்தார். ஊரே கூடி என் தலையெழுத்தை எழுதியது என்று இப்போது குறை சொல்லலாம். ஆனால் எனக்கும் அதே ஆசைதான் இருந்தது.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் பிரசவ வார்டு. தலை வெளியே வந்ததும் எல்லாம் ஒரு கணம் நின்றுவிடும். அப்புறம் தோள் திரும்பி, முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு கையில் விழும். அது அழும்வரை எனக்கு மூச்சு வராது. அழுததும் நான் சிரித்துவிடுவேன். சிஸ்டர்கள் கேலி செய்வார்கள்.

கெட்டது என் வீட்டுத் தமிழால் வந்தது. மைசூரில் தமிழ் புரியாதவர்கள் குறைவு. சினிமாத் தமிழ் எல்லோருக்கும் வரும். "வலிக்குதா, முக்கு, மூச்சு விடு" என்று எந்தக் கன்னட டாக்டரும் சொல்லிவிடுவார். ஆனால் சாவைச் சொல்ல அந்தத் தமிழ் போதாது. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு, குழந்தை இறந்தே பிறந்ததைச் சொல்ல முடியாமல் எங்கள் யூனிட் டாக்டர் திணறியபோது, "நான் சொல்றேன் சார்" என்று முன்னால் போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அது.

அன்று முதல் அது என் வேலை ஆயிற்று. டூட்டி யாருடையதாக இருந்தாலும், தமிழ்க் குடும்பத்துக்குக் கெட்ட செய்தி என்றால் என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல செய்திக்கு யாரும் கூப்பிடவில்லை. அதைச் சொல்ல ஆயாக்களுக்குள்ளேயே போட்டி. "கண்டு மகு" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஆண் குழந்தை என்பது எந்த மொழிக்காரனுக்கும் புரிந்துவிடும். அப்பாவுக்கு இதில் ஒரே பெருமை. "பெரிய டாக்டருங்களே என்ற பொண்ணைக் கூப்பிட்டுத்தான் பேசச் சொல்றாங்க" என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்ன பேசச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

பி.ஜி. நுழைவுத் தேர்வு முடிந்து நல்ல ரேங்க் வந்திருந்தது. பிரசவத் துறையில் மைசூரிலேயே இடம் உறுதி. கவுன்சலிங் தேதிக்குக் காத்திருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் அப்பா ஊருக்கு அடுத்த ஊர். சித்தாள் வேலை. இரண்டாவது பிரசவம். குழந்தையை நான்தான் எடுத்தேன், நன்றாக அழுதது. அதற்குப் பிறகு அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஏற்றிய ரத்தமெல்லாம் வழிந்து போயிற்று. யாரும் எதையும் குறைவாகச் செய்யவில்லை; அப்படியும் போய்விட்டாள்.

வெளியே அவள் புருஷன் சிமென்ட் காய்ந்த காலோடு நின்றிருந்தான். சொன்னேன். அவன் அழவில்லை. மரியாதையாக, எனக்கு ஏதோ புரிய வைப்பதுபோலச் சொன்னான்:

"அப்படி இருக்காதுங்க டாக்டரம்மா. காத்தால காப்பி குடிச்சாளுங்க. நீங்க போயி இன்னொருக்கா பாத்துட்டு வாங்க."

நான் போனேன். அவனிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே சிஸ்டர் அவள் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். நாடி பிடித்தும் பார்த்தேன். வெளியே வந்து, அதே வார்த்தைகளை அவனிடம் இரண்டாம் முறை சொன்னேன். அப்போதுதான் அவன் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு எந்தக் குழந்தை அழுதாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாயின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதையே இன்னும் முப்பது வருஷம் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கவுன்சலிங்குக்கு அப்பாவோடு பெங்களூர் போகும் பஸ்ஸில், மண்டியா தாண்டியதும் சொன்னேன். பிரசவத் துறை வேண்டாம், பேதாலஜி எடுக்கிறேன் என்று.

"அதுல என்ன அம்மிணி பண்ணுவே?"

"சதையைக் கண்ணாடியில வெச்சு, மைக்ராஸ்கோப்புல என்ன நோயின்னு பாக்கறதுப்பா."

"அந்தச் சதைக்காரங்க அங்க இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க. அதுக்குத்தாம்ப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெங்களூர் நெருங்கி, பிடதி வந்த பிறகு, "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிரு. சொல்றதுதான் உனக்கு நல்லா வருமே" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். எனக்கு அந்த பஸ்ஸிலேயே விழுந்து அழலாம் போல இருந்தது.

கவுன்சலிங் ஹாலில் என் முறை வந்தபோது நான் சொன்னதைக் கேட்டு மேசைக்காரர் நிமிர்ந்தார். இந்த ரேங்குக்குப் பிரசவத் துறை இன்னும் இருக்கிறதே என்று கன்னடத்தில் இரண்டு தரம் கேட்டார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன். எனக்கு அடுத்து வந்த பெண் நான் விட்ட இடத்தை எடுத்துக்கொண்டு, தன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

வீட்டில் அம்மா, "பேஷண்ட்டே இல்லாம நீ என்னடி டாக்டர்?" என்றாள். நல்ல கேள்விதான். அந்த முன் அறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டார்கள். என் வாஷ்பேசினில் அவர் துணி நனைத்தார்.

பேதாலஜியில் யாரும் என்னோடு பேசவில்லை. அதைத்தான் கேட்டு வாங்கியிருந்தேன். சில மாதம் நிம்மதி என்றே நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம் பிரசவ வார்டிலிருந்து துறைக்குப் போன் வந்தது. புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன்களில் யாருக்கும் இதைச் சொல்லும் அளவுக்குத் தமிழ் வராதாம். ஒரு குடும்பம் வெளியே நிற்கிறதாம். "அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க மேடம், ப்ளீஸ்."

போனேன். குழந்தையா தாயா என்று வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாய். உள்ளே நான் போகவில்லை. அது இனி என் இடமில்லை. வெளியே பெஞ்சில் ஒரு கிழவர், அந்தப் பெண்ணின் அப்பா, என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்தார். சொன்னேன். வார்த்தை தடுமாறவில்லை. பழகிய வேலை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

முன்பென்றால் உள்ளே போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

"இல்லீங்கய்யா," என்றேன். "சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாங்க."